அக்கா வாயில் வந்த பெயர்

எங்கள் தோட்டத்தில் லுத்தரன் சபைக்காரர்கள் என்று எண்ணிப் பார்த்தால் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குக்கூடத் தேறமாட்டோம். மற்றவர்களுக்கு மாரியம்மன் கோயில் இருந்தது, தீமிதி இருந்தது. எங்களுக்குச் சங்கம்தான். ஆலயம் கட்ட இடமும் இல்லை, கட்டினால் உட்கார ஆளும் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் முறை வைத்து வீடு வீடாகக் கூடுவோம். யார் வீட்டு முறையோ அவர்கள் தேத்தண்ணி போட வேண்டும். மலை முழுக்கத் தேயிலை பறித்தும் எங்களுக்கு வாய்த்தது கடைசியாகச் சலித்த தூசிதான். ஆனாலும் சங்கத்து நாளில் சீனி கொஞ்சம் தாராளமாக விழும்.

சங்கம் என்றால் பாட்டும் ஜெபமும் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம். அது சங்கத்துக்கு. யாராவது படுத்துக்கொண்டால் அந்த அரிசி அவர்கள் வீட்டுக்குப் போகும். யாராவது செத்துப்போனால் தேயிலைப் பெட்டிப் பலகை வாங்கி ஆண்கள் பெட்டி அடிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குளிரில் நடுங்கிக்கொண்டு லயம் லயமாகக் கீர்த்தனை பாடிப் போவோம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் பிஸ்கட் கிடைக்கும். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். அவர் கீழே தாப்பா பக்கத்திலிருந்து எப்போதாவது லாரி ஏறி வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் உபதேசியார் என்ற ஒரு பெரியவர் நடத்துவார்.

ஆனால் சங்கத்தை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது எங்கள் லயத்துக் கோடி வீட்டு அக்காதான். தொழிற்சாலையில் இலை வாட வைக்கும் வேலை. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்குப் பாட வராது, அது அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள், எட்டாத உயரத்தில். நாங்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவோம்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். தேயிலையைக் கேட்பாரில்லை. செடிகள் மரமாக வளர்ந்தன. நாங்கள் சரிவுகளைக் கொத்தி மரவள்ளியும் சக்கரைவள்ளியும் போட்டோம். அரிசி கண்ணில் படாமல் போயிற்று, பிடி அரிசியும் அதோடு போயிற்று. அக்கா விடவில்லை. “அரிசி இல்லைன்னா கெழங்கு இருக்குல்ல?” என்று ஆளுக்கு ஒரு துண்டு கிழங்கு வாங்கினாள். ஐயரால் மலையேற முடியவில்லை. உபதேசியார் பேதி கண்டு போனார். பெட்டிக்குப் பலகை கிடைக்காமல் அவரைச் சாக்கில் சுற்றிப் புதைத்தோம்.

அப்புறம் ஆண்களைச் சயாமுக்குப் பிடித்தார்கள். ரயில் ரோடு போடும் வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். ரிங்லெட் கடைத்தெருவில் லாரி நின்றது. என் வீட்டுக்காரரும் போனார், அக்காவின் வீட்டுக்காரரும் போனார். அப்போது எனக்கு வயிற்றில் பிள்ளை. “புள்ளைக்குப் பேரு நான் வந்து வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவர் லாரியில் ஏறினார். அதுதான் அவர் எனக்கு விட்டுப்போன வார்த்தை. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உபதேசியாரும் இல்லை, ஆண்களும் இல்லை. இனி நாங்களேதான் ஜெபம் பண்ண வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. சயாமுக்குப் போனவர்களுக்காக ஜெபிக்க வேண்டுமே, எவள் தன் புருஷன் பெயரைத் தன் வாயால் சொல்லுவாள்? கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து தலைமுறை தாண்டியும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. ஒருத்தி ‘இவங்க அப்பா’ என்றாள். நான் ‘எங்க வீட்டுக்காரர்’ என்றேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “சயாமுல ஆயிரம் வீட்டுக்காரன் கெடக்குறான். ஆண்டவர் எவளோட வீட்டுக்காரன்னு தேடுவாரு? பேரைச் சொல்லணும்லா!” என்று சத்தம் போட்டாள். சொல்லத்தான் அவளுக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். என் புருஷன் பெயரை அவள் சொல்வது, அவள் புருஷன் பெயரை நான் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மட்டுமில்லை, தினமும் சாயங்காலம் அவரவர் வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம். முதல் நாள் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்தவள் புருஷனுக்காக இவ்வளவு உருகி யார் ஜெபித்திருப்பார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கம் கரைந்தது. சிலர் காய்ச்சலில் போனார்கள், சிலர் கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டத்தில் சாப்பாடாவது கிடைக்கும் என்று போனார்கள். முறை வைத்துக் கூட இரண்டே வீடுகள் மிஞ்சின. ஒரு ஞாயிறு அவள் வீடு, மறு ஞாயிறு என் வீடு. சீனி இல்லாத தேத்தண்ணியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவோம். அவள் பாட்டு எடுத்துக் கொடுத்தால் பின்னால் ஏற நான் ஒருத்திதான். பாட்டு முடிந்ததும் வரும் அமைதி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பக்கத்து வீடெல்லாம் காலி, பனி மட்டும் கதவுக்குள் வந்து போகும்.

பிள்ளை ஒரு காலையில் பிறந்தான். பக்கத்து லயத்து மாரியம்மன் கோயில்காரி ஒருத்திதான் மருத்துவம் பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பிவிட்டது. பிள்ளை அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தான். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியும். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஐயர் இல்லாவிட்டால் சபைக்காரர் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அவள் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தாள். அக்கா வந்தாள், செம்புத் தண்ணீரை மூன்று தரம் பிள்ளை தலையில் ஊற்றினாள், ஒரு பெயரைச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுதான். பிழைத்தும் கொண்டான்.

கண் விழித்த எனக்கு அந்த மருத்துவக்காரி சிரித்த முகமாய்ச் சேதி சொன்னாள். பிள்ளைக்கு வைத்த பெயர் என் புருஷன் பெயர்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரை அவர் மகனுக்கே வைத்தால் என்ன அர்த்தம்? அவருக்குப் பால் தெளித்தாயிற்று என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சலெல்லாம் பறந்துவிட்டது. அக்கா கஞ்சியோடு வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

“யாரைக் கேட்டு அந்தப் பேரை வச்சீங்க? அவரு செத்துட்டாருன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

“இல்லடி. புள்ள கெடந்த கெடை உனக்குத் தெரியாது. தண்ணிய ஊத்திட்டேன், பேரு சொல்லணும். வாயில அதான் வந்துச்சு. தெனமும் சொல்ற பேரு.”

“ஏன், உங்க வீட்டுக்காரர் பேரு வரலியா?”

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “அது எப்படிடி என் வாயில வரும்?”

அதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் யாருக்கு வேண்டியிருந்தது? கஞ்சியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இனிமேல் என் வீட்டில் முறை கிடையாது, சங்கமும் கிடையாது என்றும் சொன்னேன். பட்டினிக் காலத்தில் கஞ்சியைத் திருப்பி அனுப்பியவள் அந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞானஸ்நானத்தைத் திரும்பக் கொடுக்க முடியாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆக, பெயர் பெயர்தான். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் பெற்ற பிள்ளையை நான் மட்டும் கூப்பிட முடியாது. ‘தம்பி’ என்பேன், ‘டேய்’ என்பேன். கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும்போது மேட்டிலிருந்து யாராவது அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து ரோட்டைப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தும் பார்ப்பேன்.

அக்கா முறையை விடவில்லை. என் வீட்டு ஞாயிறு வந்தால் சாத்தின கதவுக்கு வெளியே வந்து நிற்பாள். பனியோ மழையோ, எட்டாத உயரத்தில் ஒரு பாட்டு, அப்புறம் ஜெபம், அதில் என் புருஷன் பெயர், முழுசாக. முடித்துவிட்டுத் தன் கிழங்குத் துண்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் உள்ளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருப்பேன். ஆனால் சாயங்காலம் ஆனால் அவள் புருஷன் பெயரைச் சொல்லி நானும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். கோபம் அவள் மேல்தானே, அந்த மனுஷன் என்ன செய்தார்? இரண்டு பெண்கள், ஒரே லயத்தில், ஒருத்தி புருஷனுக்காக ஒருத்தி, பேச்சுவார்த்தை இல்லாமல். சங்கம் அப்படித்தான் நடந்தது.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து வெகு நாள் கழித்து அக்காவின் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எலும்பில் தோல் போர்த்தியது போல இருந்தார். தன் வீட்டுக்குப் போகுமுன் நேரே என் வாசலுக்கு வந்தார். “தங்கச்சி,” என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். அவர் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கவில்லை. கேம்பில் காலரா வந்ததையும், கடைசி வரைக்கும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் தாம் இருந்ததையும் பிறகுதான் சொன்னார். நான் அழவில்லை. அழ வரவில்லை. அந்த ஞாயிறு முறை என் வீடு. கதவைத் திறந்து வைத்தேன். அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை.

பிறகு ரோடு திறந்தது, காய்கறி லாரியில் ஐயர் மலையேறி வந்தார். போனவர்கள் சிலர் திரும்பியிருந்தார்கள், அக்கா வீட்டில் கூடினோம். வீட்டில் கொடுத்த அவசர ஞானஸ்நானத்தைச் சபைக்கு முன்னால் விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும், அது முறை. யார் கொடுத்தது, தண்ணீரால் கொடுத்ததா, யார் நாமத்தில் என்று ஐயர் கேட்டார். அக்கா எழுந்து நின்று சொன்னாள். சாட்சி யார் என்றதும் மருத்துவக்காரி பின்னாலிருந்து, “நான்தான் சாமி, செம்புல தண்ணி கொண்டாந்தேன்” என்றாள். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. ஐயர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

“ஞானஸ்நானம் செல்லும். மறுபடி கொடுக்கக் கூடாது,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பேருல உனக்கு வருத்தம்னு கேள்விப்பட்டேம்மா. பேரை மாத்திக்கலாம், அதுல தடை இல்ல. தாய் எந்தப் பேரைச் சொல்றியோ, அதையே வச்சுக்கலாம்.”

“மாத்திடுங்க ஐயரே,” என்று அக்கா முந்திக்கொண்டாள். “அவ மனசுபோல வைக்கட்டும். தப்பு என்னோடது.” பிள்ளை அவள் மடியில் உட்கார்ந்து அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவர் வந்து பெயர் வைப்பார் என்று நான் காத்திருந்ததற்கு இனி அர்த்தம் இல்லை. ஆனால் வேறொரு பெயரைச் சொல்லிவிட்டால், இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு இனி எப்போது வாய்க்கும்? என் புருஷன் பெயரைச் சொன்னேன்.

“காதுல விழல, சத்தமா சொல்லும்மா,” என்றார் ஐயர்.

சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளை அக்கா மடியிலிருந்து சறுக்கி இறங்கி, “என்னாம்மா?” என்று என்னிடம் ஓடி வந்தான்.

அப்போதுதான் அழுதேன். ஞானஸ்நானத்தை நினைத்து அழுகிறாள் என்று ஐயர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். கல்யாணமான புதிதில் ஒருநாள், ஒரே ஒரு தரம் என் பேரைச் சொல்லேன் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். போங்கள் என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.