சில்வர் டிப்ஸின் முதல் ஆல்பம்

போன வாரம் நுவரெலியாவில் ஒரு கோப்பிக் கடைக்குப் போயிருந்தேன். நோய் வந்து அழிந்த கோப்பிக்குப் பதிலாகத்தான் இந்த மலையில் தேயிலை நட்டார்கள். இப்போது தேயிலைக்கு நடுவே கோப்பிக்குக் கண்ணாடிக் கடை. கை கழுவப் போனால், சுவரிலிருந்து ஒரு சாக்ஸபோன் இழைந்துகொண்டிருந்தது. பரிமாறும் தம்பியிடம் இது என்ன இசை என்று கேட்டேன். "ஸ்மூத் ஜாஸ்ங்க சேர். சும்மா ஓடிக்கிட்டிருக்கும். யாரும் கேக்குறதில்லைங்க" என்றான். என் இளமையை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஆமாம், நானும் ஒரு காலத்தில் ஸ்மூத் ஜாஸ் கலைஞன். சிரிக்காதீர்கள். அந்தக் கடையில் அடித்த தரை மெழுகு வாசம் ஆளை அப்படியே ஒரு பெரிய ஹோட்டல் கூடத்துக்கு இழுத்துப் போய்விட்டது. ஏப்ரல் சீசனுக்கு வரும் கொழும்புக்காரர்கள் அங்கே சூப் குடிப்பார்கள். நாங்கள் மூவர் வாசிப்போம். சாக்ஸபோன் செல்வம், கிட்டார் அந்தோணி, கீபோர்ட் நான். ஸ்மூத் ஜாஸ் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு காதில் நுழைந்து எங்கும் முட்டாமல் மறு காதால் வெளியேறும் இசை. சூப்புக்கு நல்லது. குழுவின் பெயர் சில்வர் டிப்ஸ். எங்கள் மலையில் விளைந்தாலும் எங்கள் வாயில் படாத விலையுயர்ந்த தேயிலையின் பெயர் அது.

சூப் குடித்த வெள்ளைக்காரர் ஒருவர், ஆல்பம் இருக்கிறதா என்று கேட்டுத் தொலைத்தார். அவர் ஊருக்குப் போய் மறந்திருப்பார், எங்களுக்குத்தான் தலைக்கேறிவிட்டது. கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரின் தகரக் கூரை ஸ்டூடியோவில் பதிவு செய்தோம், அதுவும் வட்டவளையில். மழை விடாத ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புத்தியை என்ன சொல்ல! எல்லாப் பாட்டிலும் மழை சேர்ந்து தாளம் போட்டது. சில இடங்களில் எங்களைவிடச் சரியாக.

செல்வத்துக்கு மட்டும் இது விளையாட்டில்லை. கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் அவனுக்கு வேலை கேட்டு வைத்திருந்தார் மாமா. அப்பா இல்லாத வீடு. கொழுந்து எடுக்கும் அம்மாவைத் தனியே விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. அவன் அம்மா ராசம்மா சின்னம்மாவுக்கும் அனுப்ப மனமில்லைதான். ஆனால் பீப்பி ஊதுவது ஒரு தொழிலா என்ற சந்தேகம் தீரவில்லை. "தோட்டத்து சனம் கேட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும், இங்கயே இரு. இல்லாட்டி மாமாகூட கெளம்பு" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஆல்பம் வெளியீடு, டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சாயங்காலம் போடுவதாக ஏற்பாடு. நானும் செல்வமும் முந்திய இரவு ஹோட்டலில் வாசித்துவிட்டு, காலை பஸ்ஸில் நேரே கோயிலுக்கு வந்து இறங்கினோம். சவுண்ட் சர்வீஸ் மணியண்ணன், "சும்மா செக் பண்ணிப் பாப்பம்டா" என்று அப்போதே சீடியைப் போட்டுவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு சட்டம் உண்டு. குரலோடு பாட்டு வந்தால் திருவிழா, அல்லது சடங்கு. குரலே இல்லாமல் வாத்தியம் மட்டும் மெதுவாக இழுத்தால் சாவு. நாட்டில் பெரிய தலை சாய்ந்தால் ரேடியோவும் அதைத்தான் செய்யும். லயத்து வரிசை வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம், சூப்புக்கு வாசித்து வாசித்து எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மலையே இறங்கிவிட்டது. கொழுந்துக் கூடையோடு பெண்கள், பின்னாலேயே கத்திக்கொண்டு கங்காணி. செத்தது யாரென்று தெரியாமலே இரண்டு பேர் ஒப்பாரியைத் தொடங்கி, பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு அழுதார்கள். "யாருங்க? எந்த வீட்டுலங்க?" என்று கேட்டபடி ஒருவர் வெள்ளைத் துணியோடு வந்து நின்றார். எங்கள் இசைக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

கடைசியாக சின்னம்மா வந்தார். மகன் இரவு வீட்டுக்கு வரவில்லை; அவருக்கு வேறு பெயரே மனதில் வரவில்லை. வழியில் விழுந்து முழங்காலில் ரத்தம். பளபளப்பான சட்டையோடு நின்றவனைப் பார்த்ததும் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். "உசுரோட இருந்துகிட்டு என்னடா பாட்டு இது?" எனக்கும் அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "சரி, வந்தது வந்துட்டோம். தேத்தண்ணியாவது ஊத்துங்க" என்றார். எங்கள் ஆல்பத்துக்கு இன்றுவரை கிடைத்த விமர்சனங்கள் இவ்வளவுதான்.

அடுத்த வாரம் செல்வம் மாமாவோடு ரயிலேறினான். "நல்லாத்தான்டா ஊதுற. எனக்குத்தான் அத கேட்டா யாரு செத்தான்னு பாக்க ஓடத் தோணுது" என்று சொல்லித்தான் சின்னம்மா அனுப்பினார். கொழும்பிலிருந்து அவன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். மிஞ்சிய சீடிகளைக் காய்கறிப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டோம். அந்த வேலையை அவை நன்றாகவே செய்தன.

இப்போது குழாய் ஸ்பீக்கர் இல்லை. மலையில் பாதி காடாகிவிட்டது, லயத்தில் பாதி வீடுகளுக்குப் பூட்டு. சாவுச் செய்தி போனில் வருகிறது. கும்பிடும் கைப் படம் ஒன்றை அனுப்பினால் துக்கம் விசாரித்தாயிற்று. போன வருஷம் ராசம்மா சின்னம்மா இறந்தபோது அப்படி நிறைய வந்தன. பாடை தூக்கத்தான் ஆள் போதாமல் நோட்டன் பிரிட்ஜ் ஊரிலிருந்து வரவழைத்தோம். செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் அவனுக்குக் காட்ட, நான் போனைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவின் தலைமாட்டில் நின்றேன்.

"இன்னுங் கொஞ்சம் கிட்ட காட்டுடா" என்றான்.