ஓயாமல் ஓடிய ஃப்ரிட்ஜ்

போன திங்கட்கிழமை எங்கள் வீட்டு இட்லி பிரமாதம். ஃப்ரிட்ஜில் வைத்த மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. "உளுந்து நல்ல உளுந்துங்க" என்றாள் மனைவி வசந்தா. நானும் இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

செவ்வாயன்று பால் திரிந்தது. பால்காரர் மேல் சந்தேகம். புதனன்று ஃப்ரிட்ஜின் அடியில் தண்ணீர். குளித்துவிட்டு ஈரக்காலோடு நடந்ததாக என் மேல் சந்தேகம். மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. "இந்த வயசுலயும் என்னா உழைப்பு பாரு" என்று பாராட்டினேன்.

சந்தேகப்பட வேண்டாதவர்களை எல்லாம் சந்தேகப்படுவோம்... சந்தேகப்பட வேண்டியதைப் பாராட்டுவோம். நீங்கள் எப்படி?

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். தனி ஆள். ஒண்டிக்கட்டைக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு என்பார். ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாரே? அந்த மருந்துக்கு எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இடம்.

வியாழன் காலை ஊசி போட்டுக்கொள்ள வந்தவர், மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தம்பி, இது சில்லுனு இல்லையே."

தொட்டுப் பார்த்தேன். இல்லைதான். வசந்தா ஃப்ரீஸரைத் திறந்தாள். மேலே பாறை மாதிரி ஐஸ். கீழே தக்காளி வெதுவெதுவென்று கிடந்தது.

"ரெண்டு நாளா தலை சுத்துது. ஒரு கல்யாணத்துல ஜாங்கிரி சாப்ட்டேன், அதான்னு நெனச்சேன்" என்றார் முசியே, மெல்ல உட்கார்ந்தபடி.

உடனே அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். சர்க்கரை எகிறிக் கிடந்தது. "ஜாங்கிரியா, மருந்தான்னு இப்ப சொல்ல முடியாது. எதுக்கு ரிஸ்க்? புதுசா வாங்கிடுங்க" என்றார் டாக்டர். புதுக் குப்பியை எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தோம்.

மதியம் மெக்கானிக் வந்தார். ஒரு செய்தித்தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, "இழுங்கக்கா" என்றார். வசந்தா இழுத்தாள். சுலபமாக வந்துவிட்டது.

"கதவு நல்லா புடிச்சா பேப்பர் வராதுக்கா. ரப்பர் போயிருச்சி. வெளிக்காத்து உள்ள போய் ஐஸா கட்டுது. அந்த ஐஸ் அடைச்சிக் குளிர் கீழ வராம மோட்டார் ஓயாம ஓடுது."

பாறை ஐஸ் உருகட்டும் என்று ஃப்ரிட்ஜை அணைத்துவைத்து, ரப்பரை மாற்றிக் கொடுத்தார். சாயங்காலம் மோட்டார் கொஞ்சம் ஓடியது, பிறகு நின்றது. அந்த மௌனம் எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? நின்றுபோன ஃப்ரிட்ஜை யாரும் கண்டுபிடித்துவிடலாம். நிற்காமல் ஓடுவதும் ஒரு நோய்தான் என்பது இப்போதுதான் புரிந்தது. மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு, வீட்டில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

சனிக்கிழமை முசியேவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. நேற்று கடலோரம் பிள்ளைச்சாவடி வரை போய் வஞ்சிரம் மீன் வாங்கி, அவரே குழம்பு வைத்து, ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார்.

"ரெண்டு நாளைக்கு வரும்மா. உள்ள வச்சிடு" என்றார் வசந்தாவிடம்.

வைக்கவில்லை. மதியமே சட்டி காலி.