தொண்ணூத்தொம்பது சொல்லுங்க மாமா

அக்காவின் வீட்டுக்காரர் நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அன்று காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் நெஞ்சைப் பரிசோதித்துச் சரி என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் வேறு யாருமில்லை, அக்காவின் சொந்தத் தம்பி.

“கை கால் பிடிச்சு விடுறவன் கையில என் விடுதலை மாட்டியிருக்கு பாரு!” என்றார் அக்காவிடம்.

மச்சினனின் படிப்புக்குக் கல்யாணமான நாள் முதல் அவர் வைத்திருந்த பெயர் அது. தையல் மெஷினை மிதித்து அவனைப் படிக்க வைத்த அக்காவுக்குச் சுருக்கென்றது.

தம்பி வந்தான். “சட்டையைக் கழட்டுங்க மாமா.”

“மாட்டினதே வீட்டுக்குப் போகத்தான் மாப்ளே.”

“கழட்டுங்க.”

அவன் உடனே தொடவில்லை. எதிரே நின்று மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். பிறகு உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்து, முதுகில் விலா எலும்புகள்மேல் பதித்து, கட்டைவிரல் இரண்டையும் நடு முதுகில் ஒட்ட வைத்தான்.

“நல்லா மூச்சை இழுங்க.”

வலது விரல் சட்டென்று விலகியது. இடது விரல் நகரவே யோசித்தது. அளவெடுத்தே பழகிய அக்காவின் கண்ணுக்கு, ஒரு தோள் இறங்கிய சட்டையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“தொண்ணூத்தொம்பது சொல்லுங்க.”

“ஒண்ணுல எதுக்குக் கஞ்சத்தனம்? நூறுன்னே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க மாமா.”

சொன்னார். சொல்லச் சொல்லத் தம்பியின் கை முதுகில் இடம் மாறிக்கொண்டே வந்தது. குரலின் அதிர்வு எல்லா இடத்திலும் கைக்கு எட்டியது. இடது பக்கம் அடியில் மட்டும் மங்கிப்போனது. விரல்மேல் விரல் வைத்துத் தட்டினான். மேலே ‘டொம்’, அங்கே ‘தொப்’. மறுபடியும் தட்டினான்; அதே ‘தொப்’. சின்ன வயதில் தண்ணீர் டிரம்மை மூடி திறக்காமல் தட்டியே எதுவரை இருக்கிறது என்று சொன்னவன் ஆயிற்றே, அடியில் ஏதோ தேங்கியிருப்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தும் கேட்டான்.

“இருமினா வலிக்குதா?”

“சேச்சே!”

“வலிக்குதுன்னு இருமலை அடக்கி வச்சிருக்கீங்க. சளி அடியில கட்டிக்கிச்சு. இன்னிக்கு வீடு கிடையாது.”

அவர் முகம் தொங்கிவிட்டது. “சொந்தக்காரனுக்கு ஒரு சலுகை கிடையாதாடா?”

“அதான் ரெண்டு தடவை தட்டினேன்.”

அன்றே அவரை வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, விலாவில் அழுத்திய தன் கையைத் தள்ளும்படி மூச்சை இழுக்கப் பழக்கினான். தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தான். திட்டிக்கொண்டே இருமினார். சளி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. மறுநாளும் விடவில்லை.

அதற்கடுத்த நாள் காலை தம்பியின் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றாகவே விலகின. கேட்காமலே அவர் வார்டு அதிரத் “தொண்ணூத்தொம்பது!” என்றார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, “நமக்குத்தாங்க இந்த மார்க்கு. என் மச்சானுக்கு நூறு போடணும்,” என்றார்.

வீட்டுக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி அக்கா கேட்டாள்: “யாருக்கு? கை கால் பிடிச்சு விடுறவனுக்கா?”

அவர் இருமினார். வலியில்லாத இருமல் என்பது கேட்கும்போதே தெரிந்தது.