மாமாவுக்குப் பரு வந்த கதை

போன வாரம் திருவானைக்காவலில் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, படியேறாமல் நின்றேன்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் மூட நம்பிக்கைகளை மாதம் ஒருமுறையாவது சாடுகிறவன் நான். ஆனால் வேப்பிலையைக் கண்டதும் என் காலுக்கு மட்டும் தனிப் புத்தி வந்துவிடுகிறது... என்ன செய்ய?

"மாமாவுக்கு அம்மா எறங்கியிருக்காடா. மூஞ்சி, நெஞ்செல்லாம் முத்து முத்தா" என்றாள் அக்கா.

மாமா என்றால் அக்காவின் கணவர். துவாக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிகரெட்டைத் தொட்டதில்லை. விடாத இருமல் என்று காட்டப் போனார்; நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு யாரும் இருமுவதில்லை. தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாங்கி வருவது என் வேலை.

"பதினஞ்சு நாளைக்கு வாங்கினது தீர்ந்திருக்குமே. நாளைக்கு வாங்கிட்டு வரவா?"

"வேணாம், மிச்சம் இருக்கு. அம்மா வந்திருக்கப்ப யாராச்சும் மருந்து குடுப்பாங்களா? ஆறு நாளா நிறுத்தியாச்சு."

உள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார். "அவளே வந்துட்டா மாப்ள. பாத்துக்குவா."

பல நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் நிம்மதி. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசலில் நின்றபடியே டாக்டருக்கு வீடியோ கால் போட்டு, அக்கா கையில் ஃபோனைக் கொடுத்தேன். மாமா முகத்தைப் பார்த்த டாக்டர், "இது அம்மை இல்லைங்க. மாத்திரையால வர்ற பரு. அன்னைக்கே சொன்னேனே... எழுதியும் குடுத்தேனே" என்றார்.

கொடுத்தார்தான். அதை நாலாக மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்தவன் நான். பத்திரமாக வைத்ததை நாம் என்றைக்கு எடுத்துப் படித்திருக்கிறோம்?

மறுநாள் காலை மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். பொறுமையான மனிதர். செல்லின் வாசலில் ஒரு காலிங் பெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வளர வேண்டிய நேரத்தில் வளர்ச்சிக் காரணி என்ற புரதம் வந்து அதை அழுத்தும். செல் இரண்டாகப் பிரியும். பெல் ஓய்ந்துவிடும். மாமாவின் நுரையீரலில் சில செல்களில் பெல் பழுதாகி, யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருக்கிறது. செல்களும் சொன்ன பேச்சுக் கேட்டுப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. மாத்திரை போய் அந்த பெல்லின் வாயை அடைக்கும். தோலிலும் அதே பெல்தான் — அங்கேயும் அடைப்பதால்தான் பரு.

"அப்ப மருந்து போய்ச் சேந்திருக்குன்னு அர்த்தமா?" என்று கேட்டாள் அக்கா.

"பெரும்பாலும் நல்ல அடையாளம்தாங்க. ஆனா ஸ்கேன் பாத்தாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மாத்திரை வாசல்ல இருந்துக்கிட்டு உள்ள தொந்தரவு வராமப் பாத்துக்குது. அப்ப அதுவும் வேப்பிலைதானே டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க. ஆனா இதை நிலையில கட்டாம, அவருக்குக் குடுங்க."

மாத்திரை மறுபடி தொடங்கியது. பருவுக்கு ஒரு க்ரீம். ஆறு நாள் விட்டதில் பெரிய பாதிப்பு இருக்காது என்றார். அந்தப் 'பெரிய'வை அக்கா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கேனுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை அவளுக்குப் படிக்கக் கிடைத்த ஒரே ரிப்போர்ட் மாமாவின் முகம்தான். தினமும் காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பரு குறைந்தால் அவள் முகம் வாடுகிறது. க்ரீமால்தான் குறைகிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள். நம்பவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று போனபோது அடுப்படியில் நெய் மணம். மாமாவின் மூக்கு நுனியில் புதிதாக ஒரு பரு, சிவப்பாக.

"அறுபது வயசுல ஒருத்தனுக்குப் பரு வந்ததுக்குக் கேசரி கிண்டுற வீட்டை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா மாப்ள?" என்றார் மாமா.

பார்த்ததில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.