எஸ்தர் அத்தை பிடித்த வடம்

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வெள்ளானூரில் செவ்வாய்க்கிழமை காலை என்னை யாரும் திட்டவில்லை. அந்த வேலையை நாள் தவறாமல் செய்துவந்த எஸ்தர் அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அப்பா வந்து சொன்னார். அப்பாவின் அக்கா அவர்.

அத்தை கான்கிரீட் வேலைக்காரர். எண்பதுகளில் பாடியில் ஒரு கட்டடத்தில், கலவைத் தொட்டியை மேலே இழுக்கும் லிஃப்டின் இரும்பு ரோப் அறுந்தது. தொட்டி விழுந்து அவருடைய இடது பாதத்தில் பாதி போயிற்று. ஏழெட்டு மாதம் கழித்து நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பியவரை மேஸ்திரி தயங்கிப் பார்த்தாராம்.

"காலுதாம்பா பாதி. வாய் முழுசா கீது!"

அன்று தொடங்கியது அந்த வழக்கம். காலையில் பழைய புடவைத் துணியை ரோப்பில் சுற்றிப் பிடித்து, கைக்கு எட்டிய மட்டும் உருவுவார். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டும். மாட்டாவிட்டால்தான் மிஷின் ஓடும். மற்றவர்கள் தேருக்கு வடம் பிடித்தார்கள். அத்தை லிஃப்டுக்குப் பிடித்தார்.

போன வருடம் நானும் அத்தை வேலை செய்த கான்கிரீட் கூட்டத்தில் கலவைச் சட்டி தூக்கச் சேர்ந்தேன். திருமழிசையில் ஒரு தளம் போடும் நாளில் அத்தையின் துணி மாட்டியது.

"நிறுத்து!"

"கலவை போட்டாச்சு, இன்னாக்கா இது?" என்று மேஸ்திரி குதித்தார்.

"கலவ கெட்டா கொட்டிக்கலாம். கீய நிக்கிறவங்கள இன்னா பண்ணுவே? மொத்த ரோப்பையும் எறக்கு."

கீழே நின்ற ஐந்து பேரில் என் அம்மாவும் ஒருவர்.

இறக்கினார்கள். கை எட்டாத உயரத்தில், கப்பியை ஒட்டிக் கிடந்த பகுதியில் பாதி இழைகள் அறுந்து சிலிர்த்து நின்றன. மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை என்னைக் காட்டி, "கண்டுபுடிச்சது இவன்தான்" என்றார். ஐந்து உயிரைக் காத்த வீரன் என்று ஆவடி டீக்கடை வரை நான் பீற்றிக்கொண்டது உங்களுக்கெல்லாம் தெரியும்.

மறுநாளே புது ரோப் வந்தது. வாரம் ஒருமுறை ரோப் முழுவதையும் இறக்கிப் பார்ப்பது இன்று எங்கள் கூட்டத்தின் சட்டம். அதற்குப் பிறகு எங்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நேற்று யாரும் சொல்லாமலே அம்மா அந்தத் துணியைக் கையில் எடுத்தார்.

அத்தை, ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்று துணி மாட்டியது நான் ரோப்பில் செருகிவைத்த கட்டுக்கம்பித் துண்டில். உங்களை அலறவைத்துச் சிரிக்கத்தான். கீழே அம்மா நிற்பதைக்கூட யோசிக்கவில்லை. நீங்கள் அதைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "நிறுத்து" என்றீர்கள். கம்பி என்று தெரிந்தும், துணி மாட்டினால் ரோப் முழுவதையும் பார்த்தே தீரவேண்டும் என்பது உங்கள் கணக்கு.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள், யாரிடமும் சொல்லவில்லை. போய்வாருங்கள், அத்தை.