எனக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்

தடுப்பாட்டக்காரன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், அன்றைக்கு மைதானத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஜனங்கள் சலித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்களில் யாராவது கரண்ட் லைன்மேனாகவோ, ஊராட்சித் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராகவோ, கல்யாணச் சமையல்காரராகவோ இருந்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். கரண்ட் இருக்கிறவரை லைன்மேனை யாரும் நினைப்பதில்லை. போய்விட்டால் அவரைப் பெற்றவர்கள் வரைக்கும் நினைக்கிறார்கள். நானும் உங்கள் கட்சிதான்.

என் பெயர் சாமுவேல். உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறேன். சென்டர் பேக் என்பார்கள். எனக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்பான். அவனையும் தாண்டிவிட்டால் வலை.

என்ன வேலை?

கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது நைனா சந்தோஷப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். அதை விட்டுவிட்டுப் பந்து உதைக்கப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் பேச்சு வரும்? அவர் டிராக்டர் ஓட்டுவது தணிகாசலம் என்பவருடைய நிலத்தில். அவரிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று என்னையும் அழைத்துப் போனார்.

தணிகாசலம் வரப்பில் நின்றபடியே விசாரித்தார். எத்தனை கோல் போடுவாய் என்று கேட்டார். நான் போடுகிறவன் இல்லை, மற்றவன் போடாமல் பார்த்துக்கொள்கிறவன் என்றேன். அதற்குச் சம்பளமா என்றார். ஆமாம், சாப்பாடு, ரூம் எல்லாம் உண்டு என்றேன். நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "வாட்ச்மேன் வேலைன்னு சொல்லு. அத்த நம்ம வேர்க்கடலை கொல்லையிலயே குடுத்திருப்பனே, பன்னி வேற ஜாஸ்தியா கீது."

நிழல்

முதல் மேட்ச்சில் எதிரணியின் முக்கியமான ஆள் வியாசர்பாடிக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஓட்டம் குறைந்துவிட்டது, ஆனால் கால் சும்மா இருக்காது. எங்கள் கோச் என் தோளைப் பிடித்து, இன்று நீதான் அவன் நிழல், அவன் எங்கே போனாலும் நீ அங்கே இருக்கணும் என்றார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அவர் இடது பக்கம் போனால் நானும் போனேன். அவர் குனிந்து லேஸ் கட்டினால் பக்கத்தில் நின்றேன். ஷூவை மாற்றுவதற்காக மைதானத்துக்கு வெளியே போனார். கோட்டோரம் நின்று காத்திருந்தேன்.

வெயில் அதிகம் என்று நடுவில் தண்ணீர் குடிக்க விட்டார்கள். அவர் தன் பெஞ்சுக்குப் போனார். பழக்க தோஷத்தில் நானும் பின்னாலேயே போய், அவர்கள் கோச் போர்டில் படம் போட்டு விளக்குவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ என் ஜெர்சியின் நிறத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்த வியாசர்பாடி அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீரை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஆப் டைம்ல நான் பாத்ரூம் போவேன். அங்கியும் வருவியா, இல்ல கொஞ்சம் தனியா வுடுவியா?"

அம்மா பார்த்த மேட்ச்

அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். மேட்ச் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிறு தெருவில் எல்லோரும் சேர்ந்து அவளை உட்காரவைத்து ஒரு செல்போனில் எங்கள் ஆட்டத்தைக் காட்டினார்கள். அன்றைக்கென்று பார்த்து, ஒருத்தன் என்னைத் தாண்டிக்கொண்டு போய் கோல் போட்டான். நான் சறுக்கிக்கொண்டு போய் வெறும் புல்லைத்தான் உதைத்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றோம். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரூமுக்கு வந்தால் அம்மாவிடமிருந்து போன்.

எடுத்தவுடன் அழுகை. சாப்பிட்டாயா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஒரு கோல்தானேம்மா என்றேன். பொய் சொல்லாதே, நானே கண்ணால் பார்த்தேன், அதே ஆள் அதே பக்கமாகத் திரும்பத் திரும்ப வந்து போட்டுவிட்டுப் போனான் என்றாள். அது ரீப்ளே என்று எனக்குப் புரிவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. நான் விளக்குவதற்குள் அவள் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்: "மொத வாட்டி வேகமா வந்தான், வுட்ட, சரி. கடைசி வாட்டி எவ்ளோ மெதுவா வந்தான், அப்பகூடவாடா உன்னால புடிக்க முடியல?"

என்து

எங்கள் கோல்கீப்பர் மிசோரம்காரன். லாலா என்று கூப்பிடுவோம். எனக்கும் அவனுக்கும் ஒரே ரூம். நல்ல பையன், தமிழ் கற்றுக்கொள்ள ஆசை. நான் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அவனாகக் காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டான். என் துண்டை எடுத்துத் துடைப்பான், நான் பிடுங்கிக்கொண்டு "என்து" என்பேன். என் சோப்பு, என் சார்ஜர், அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

ஒரு மேட்ச்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் பந்து உருண்டு வந்தது. லாலா சத்தமாக "என்து!" என்று கத்தினான். அடடா, தமிழிலேயே கூப்பிடுகிறானே என்ற பெருமையோடு நான் ஒதுங்கி நின்றேன். அவனும் நின்றான். இரண்டு பேரும் மரியாதையாக வழிவிட, பந்து எங்கள் நடுவில் போய் போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. உயிர் போய் வந்தது. என்து என்றால் 'சாமுவேலுடையது' என்று அவன் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. நான் கத்தியதற்கு அவன் பதிலுக்குக் கத்தவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டான்: "ரூம்ல எல்லாம் என்து. பந்து மட்டும் என்து இல்லே?"

எந்த ஊர்?

கோழிக்கோட்டில் ஆடும்போது ஒரு கார்னர் கிக். நானும் எதிரணிக்காரனும் ஒரே பந்துக்கு எகிறினோம், தலையும் தலையும் மோதியது. கண்ணைத் திறந்தால், அடிபட்டால் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிசியோ குனிந்து நிற்கிறார். தலையில் அடிபட்டால் நினைவு சரியாக இருக்கிறதா என்று சில கேள்விகள் கேட்பார்கள். பெயர் கேட்டார், சொன்னேன். ஸ்கோர் கேட்டார், அதையும் சொன்னேன். அடுத்து, எந்த ஊர் என்றார்.

நீங்களே சொல்லுங்கள், நம் ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வோம்? மானாம்பதி என்றேன். அவர் முகம் மாறியது. சரி, தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, உத்திரமேரூரில் இறங்கி வேற பஸ் பிடிக்கணும் சார் என்று வழியும் சொன்னேன். அவ்வளவுதான். அவர் எழுந்து பெஞ்சைப் பார்த்துக் கையைச் சுழற்றினார்: "நாம கோழிக்கோட்டுல இருக்கோம், இவன் பஸ் ஏறி ஊருக்கே போயிட்டான். ஆள மாத்துங்க."

முட்டிக்கு ஜெபம்

தலை தப்பித்தது, முட்டி தப்பவில்லை. இரண்டாவது சீசன் நடுவில் யாரும் மோதாமலே, நானாகத் திரும்பியபோது இடது முட்டியில் லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன் ஆனது. கான்ட்ராக்ட் அந்த சீசனோடு முடிகிறது. முட்டி சரியானால் பார்க்கலாம் என்று கிளப்பில் சொன்னார்கள். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஊருக்கு வந்து கட்டிலில் கிடந்தேன். சர்ச்சில் பாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் சாமுவேலின் முட்டிக்காக மைக்கில் ஜெபம் செய்தார். ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேட்கும். ஊன்றுகோலோடு தெருவில் இறங்கினால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நேராக முட்டியைத்தான் பார்ப்பார்கள். அம்மாவோடு நடவுக்குப் போகும் எஸ்தர் அத்தை ஒருநாள் நிறுத்தி விசாரித்தார். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார்: "பாஸ்டர் எந்த முட்டின்னு சொல்லல. நான் ரெண்டுக்கும் சேத்தே ஜெபம் பண்ணிக்கினு கீறேன், ஒண்ணு வேஸ்ட்டா போனாலும் பரவால்ல."

திங்கட்கிழமை

ஊன்றுகோல் போனது, ஓட ஆரம்பித்தேன். ஆனால் ஏரிக்கரையில் தனியாக ஓடுவது வேறு, எதிரே ஆள் வரும்போது சறுக்கிப் போய்க் காலை நீட்டுவது வேறு. பயம் முட்டியில் இல்லை, எனக்குள் இருந்தது. நைனா மறுபடி ஒரகடம் கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை வரச்சொல்லி இருக்கிறார்கள் என்றார். அதற்கு முந்தின சனிக்கிழமை கிளப்பில் பயிற்சி ஆட்டம், கோச் என்னைப் பார்க்கப்போகும் நாள். சரியாக வரவில்லை என்றால் திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். எனக்கே அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

சனிக்கிழமை முதல் பந்துக்கு நான் காலை நீட்டவில்லை. தாண்டிப் போய்விட்டான். கோச் வேறு பக்கம் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டாவது முறை அதே பையன் வந்தான். யோசித்தால் விட்டுவிடுவேன் என்று தெரிந்தது. யோசிக்காமல் விழுந்தேன். பந்து என் காலில் பட்டு வெளியே போனது. எழுந்திருக்கப் பயந்து, புல்லில் படுத்தபடியே முட்டியை மடக்கினேன், நீட்டினேன், மறுபடி மடக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்று எத்தனை முறை விழுந்தேனோ, சட்டை முழுக்க மண். சாயங்காலம் புதுக் கான்ட்ராக்டில் கையெழுத்து வாங்கினார்கள்.

ஞாயிறு பஸ் பிடித்து ஊருக்கு வந்தால், நைனா டிராக்டருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ரப்பர் குழாயைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார். நாளைக்குச் சூப்பர்வைசர் காத்திருப்பாரே, உங்களுக்குத்தானே கெட்ட பேர் என்று தயங்கினேன். சித்தப்பா மகன் டேனியல் வேலை இல்லாமல் இருக்கிறான், அவன் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது என்றார். டேனியலிடம் எப்போது சொன்னீர்கள் என்றால், ஆபரேஷன் முடிந்து நான் ஓட ஆரம்பித்த அன்றே சொல்லிவிட்டாராம். நான் அவரையே பார்த்தேன். அவர் டிராக்டர் சக்கரத்தைத்தான் பார்த்தார். "எங்க வூட்டுப் பையன் ஒர்த்தன் வருவான்னுதான் அவராண்ட சொல்லி வெச்சேன். சாமு வருவான்னு நான் எங்கடா சொன்னேன்?"

மொத்தத்தில், அடுத்தவன் சந்தோஷப்பட்டுவிடக் கூடாதே என்று காலையும் மாலையும் பயிற்சி எடுத்து, அதற்கு மாதச் சம்பளமும் வாங்குகிற நல்ல மனுஷர்கள் நாங்கள்.