காலராக் காலத்து எலும்பு வார்டு

முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட யாருக்கு வேண்டுமானாலும் பழக்கிவிடலாம். போட்ட கட்டோடு ஓர் ஆளைப் பேசாமல் படுத்திருக்கச் செய்வதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்து மின்விசிறிக் கொக்கியை வெறித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யுத்த காலத்தில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்தேன். ஒரு கோடையில் காலரா வந்தது.

பட்டினி வைத்தியம்

ஊரில் கால் உள்ளவர்கள் எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்கு ஓடிவிட்டார்கள். என் வார்டுக்காரர்கள் எங்கே ஓடுவது? அதிலும் கருப்பையாவின் பாடு மோசம். புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு போயிருந்தது. காலில் கயிறு கட்டி, கட்டில் முனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். அதை அவிழ்த்தால் எலும்பு விலகி ஆயுசுக்கும் நொண்டிதான்.

பக்கத்துக் கட்டடத்தில் காலரா நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்குவது அவர் காதில் விழும். ஒரு நாள் கஞ்சியைத் தொடவே இல்லை. ஏன் என்று அதட்டினேன்.

"சாப்பிட்டாத்தானய்யா பேதியாகும்? வயித்துல ஒண்ணுமே இல்லாட்டி அது எதை வெளிய இழுக்கும்?"

சன்னலோரத்துச் சேதி

தொற்றுக்குப் பயந்து, பார்க்க வருகிறவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கொண்டுவந்ததை வாசல்காரர் அடைக்கலத்திடம் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். யார் வந்தார்கள், போனார்கள் என்று வார்டுக்குச் சொல்வது ஆவூர் சூசை வாத்தியார். தோள்பட்டை முறிவு என்பதால் எழுந்து நடப்பார். சன்னலை விட்டு நகர மாட்டார்.

கருப்பையாவின் கிராமத்திலும் காலரா என்று கேள்விப்பட்டிருந்தோம். அங்கே அவருக்கு ஆத்தாவும் தம்பியும்தான். அவர்களைப் பற்றி ஒரு வாரமாகத் தகவல் இல்லை. அவர் கஞ்சியை மறுத்த அன்றைக்கே வாத்தியார் உற்சாகமாகச் சத்தம் போட்டார்: "கருப்பையா, ஒங்க தம்பி வந்துட்டுப் போறாப்ல! மொட்டை போட்டிருக்காப்ல!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காலரா ஊரிலிருந்து மொட்டைத் தலையோடு மகன் வந்தால் வேறென்ன அர்த்தம்? கருப்பையா அழக்கூட இல்லை. எட்டிக் கயிற்றைப் பிடித்துவிட்டார். நான் பாய்ந்து கையை அமுக்கினேன்.

"ஆத்தாளுக்கு வாய்க்கரிசி போடக்கூட நான் இல்லையேய்யா. அவுத்து விடுங்க, தவந்தாவது போறேன்!"

வாசல்காரர் சாட்சி

பிடியை விட்டால் கால் போய்விடும். எத்தனை நேரம்தான் பிடித்திருப்பது? அப்போதுதான் ஒன்று தோன்றியது. துக்க மொட்டை என்றால் மீசையையும் அல்லவா எடுத்திருப்பார்கள்? "மீசை இருந்ததா?" என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் பார்த்தது முதுகுப்பக்கத்தை மட்டும்தானாம். கருப்பையாவை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அடைக்கலம் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"மீசையா? உள்ள விடமாட்டேன்னதுக்கு அதைத்தானே முறுக்கிக் காட்டிட்டுப் போறான்!"

அந்த அடைக்கலத்தைக் கட்டிப்பிடிக்காத குறைதான். வார்டுக்குள் போய் அப்படியே சொன்னேன். கருப்பையா கயிற்றை விட்டார். அப்புறம்தான் அழுதார், சிரித்துக்கொண்டே. அண்ணன் கால் கூடினால் முடி இறக்குவதாக மாரியாத்தாளுக்குத் தம்பி நேர்ந்திருந்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. எலும்பு சேர்கிறது என்று டாக்டர் சொன்னதும் செய்துவிட்டிருப்பான். ஆனாலும் முழுசாக நம்ப மனசு வரவில்லை கருப்பையாவுக்கு. ஆள் விட்டு, கஞ்சி குடிக்காதது உட்பட எல்லாவற்றையும் சொல்லி, ஆத்தாவையே வரச் சொன்னோம். மறுநாள் சன்னலுக்கு வெளியே அந்த அம்மாள் போட்ட சத்தம் பக்கத்துக் கட்டடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏலே, நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், அதுக்குள்ள எனக்கு வாய்க்கரிசியாடா? மொதல்ல ஒன் வாயில கஞ்சிய ஊத்துடா!"

அதன் பிறகு மொட்டைத் தலையோடு யார் பார்க்க வந்தாலும், முதலில் மீசையைப் பார்த்துக்கொண்டுதான் வார்டுக்குள் சேதி சொல்லப் போவேன்.